வளைவில் மட்டும் எரிந்த விளக்கு

காலையில் ஒரு டிரெய்லரின் அடியில் படுத்து பிரேக் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, டிரைவர் பழனியப்பன் விஜயவாடாவிலிருந்து அழைத்தார். "நம்ம சரசக்கா போயிட்டாங்களாமா, நெசந்தானுங்களா?" எனக்கே அப்போதுதான் தெரியும். பக்கத்திலிருக்கும் அக்காவின் பட்டறைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டதாம், எதிர்க்கடைக்காரர் சொன்னார்.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் சரஸ்வதி அக்காவைத் தெரியாத டிரைவர்கள் குறைவு. நான் பிரேக் மெக்கானிக், அவர் வயரிங். ஒரே வண்டியில் வேலை பார்த்து, கோளாறு யார் பக்கம் என்று சண்டை போட்டிருக்கிறோம். ஒருமுறை ஒரு டிரைவர், பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிவது தொந்தரவாக இருக்கிறது, பல்பைக் கழற்றிவிடுங்கள் என்றார். "பல்பைக் கழட்டிட்டா கோளாறு போயிருமா சாமி? தொப்பூர் எறக்கத்துல நீங்கதான போகோணும்?" என்று அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வேலையை முடித்த பிறகே கொடுத்தார்.

பழனியப்பனின் டிரெய்லரில் இருந்த கோளாறு அப்படி எளிதில் பிடிபடவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் அவ்வப்போது செத்துவிடும். மழையில் காலி வண்டிக்கு பிரேக் போட்டால் பின்சக்கரங்கள் உருளாமல் இழுபட்டு, டயர்கள் ஒரே இடத்தில் தேய்ந்தன. "திரும்பறப்போதானுங்க ஏபிஎஸ் லைட்டு எரியுது" என்றார் அவர். பட்டறையில் நிற்கும்போது எரியவில்லை. அக்கா ஒரு சென்சாரை மாற்றி அனுப்பிவைத்தார். அடுத்த நடையிலும் டயர் போனது. "பிரேக் மிதிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு வண்டி?" என்று முதலாளி பழனியப்பனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

கேள்விப்பட்டதும் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்கே போனார். "தப்புப் பண்ணுனது நானுங்க. அவரு சொன்னதைக் காதுல வாங்கல. வண்டியை இன்னொருக்காக் குடுங்க, அவரே ஓட்டட்டும்." முதலாளி வெகுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தார்.

காலி மைதானம் ஒன்றில் பழனியப்பன் ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நேராகப் போகையில் ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒடித்ததும் விளக்கு எரிந்தது. லாரியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் கேபிளை அக்கா அங்கேயே பிரித்தார். உறைக்குள் எர்த் வயர் அறுந்து கிடந்தது. வண்டி நேராக இருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன; திரும்பும்போது கேபிள் இழுபட்டு, அவை பிரிந்து, ஏபிஎஸ் செத்துப்போனது.

பழனியப்பன் ஸ்டீயரிங்கில் முகம் புதைத்து அழுதார். "நீங்க மொதல் நாளே சொன்னீங்க. நாந்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா புதுக் கேபிள் எடுக்க இறங்கினார். முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நாளைக்கு லோடு இருக்குது, வந்துரு" என்றார்.

சரக்கோடு போயிருந்ததால் பழனியப்பனால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவர் பேரில் நானே ஒரு மாலை போட்டேன்.

அக்காவை அறிந்தவர்கள் அவரிடம் கற்றதாக ஆளுக்கொன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது இது. "எப்பவும் இல்லீங்க, எப்பவாச்சும்தான் ஆகுது" என்று யாராவது தயங்கிக்கொண்டே வந்தால், நான் ஸ்பானரை எடுப்பதில்லை. அந்த டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்கிறேன். "எங்க ஆகுதோ அங்க போலாம், ஓட்டுங்க" என்கிறேன்.