ஏழாவது மாத்திரை

உத்திரமேரூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் வேலை பார்த்தபோது, சனிக்கிழமைதோறும் அவர் வருவார். நெல் மில்லில் பாய்லர் பார்ப்பவர். உட்கார்ந்தால் பட்டப்பகலிலும் தூங்கிவிடும் வியாதி அவருக்கு. அப்படித் தூங்கிச் சரிந்தபோது சுட்டுக்கொண்ட தழும்பு இடது கையில் இருந்தது. கடையில் எவ்வளவு கூட்டமிருந்தாலும் ஸ்டூலில் உட்காராமல், காது மடலை இழுத்துவிட்டபடியே நிற்பார்.

விழித்திருக்க வைக்கும் மாத்திரையை வாரத்துக்கு ஆறுதான் வாங்குவார். ஞாயிறு மில்லுக்கு லீவு.

ஒரு சனிக்கிழமை ஏழு கேட்டார்.

"நாளைக்கு மில்லு லீவாச்சே, ஏழு இன்னாத்துக்குண்ணா?" என்றேன்.

"புதங்கெழம பொண்ணுக்குக் கல்யாணம், நைனா. நம்ம வூட்ல அவளுக்கு இதான் கடைசி ஞாயிறு. இந்த மாத்தர விக்கிற வெலைக்கு மில்லுக்கு மட்டுந்தான் முழிச்சிக்கினு இருந்தேன். பொண்ணு பேசிக்கினே இருக்கும், நான் தூங்கிடுவேன். நாளைக்கு ஒரு நாளாச்சும் கேக்கணும்."

சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது, மேல்தட்டில் இருந்த விலை கூடிய கம்பெனியின் மாத்திரை. அதே மருந்து, வேறு கம்பெனியுடையது, பாதி விலையில் எங்கள் கீழ்த்தட்டில் இருந்தது. கேட்டால் மட்டும் காட்டு என்பது முதலாளி உத்தரவு. அப்படிக் கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

அன்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாரே என்று பயம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து, ஏழாவதையும் மேல்தட்டு அட்டையிலிருந்தே வெட்டிக் கொடுத்தேன்.