வாசிப்புக்கு வரிசை இல்லை

1. விண்ணப்பம்

2025 ஜனவரி 8, புதன்கிழமை, காலை 10.20. பனிமூட்டத்தில் மலை கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற நான், இப்போது ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கல்லூரி விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்பிக் கொடுக்கிறேன். அன்று மூன்றாவதாக வந்தவர் தளவாய்புரம் சங்கரலிங்கம். பதினான்கு மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவர். கூடவே பிளஸ் டூ படிக்கும் மகள் முத்துச்செல்வி.

கேட்ட படிப்பு கட்டடக்கலை. சென்னையில் ஒரு கல்லூரி. இருப்பது நாற்பது இடம், எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். மூன்று மணி நேர நுழைவுத் தேர்வு.

செல்விக்கு வாசிப்பதில் கற்றல் குறைபாடு. எழுத்துகள் அவளுக்கு இடம் மாறி மாறித் தெரியும். நாம் ஒரு நிமிஷத்தில் வாசிப்பதற்கு அவளுக்கு நான்கு நிமிஷம் வேண்டும். மூளையில் குறை ஒன்றும் கிடையாது. அப்பாவின் ஷெட்டில் மெஷின்களைத் திருப்பிப் போட்டு, இன்னும் இரண்டு மெஷினுக்கு இடம் கண்டுபிடித்தவள் அவள்தான்.

அரசு டாக்டரின் சான்றிதழ் இருந்தால் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், கேள்வியை வாசித்துச் சொல்ல ஓர் ஆளும் கிடைக்கும். இல்லாவிட்டால் பாதித் தாளைக்கூட அவளால் தாண்ட முடியாது. சான்றிதழுக்கான முகாம் ஸ்ரீவில்லிபுத்தூரில், 21ஆம் தேதி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 31. அதற்குள் வேறு முகாம் இல்லை.

2. டியூஷன்

முகாமில் பரிசோதனை உண்டு என்று நான் சொன்னதுதான் வினை.

“டெஸ்டா? அண்ணாச்சி, சும்மா கையை வீசிட்டுப் போனா ஃபெயிலாக்கிர மாட்டாவளா?” என்றார் சங்கரலிங்கம்.

தேவதானத்தில் ஒரு பையன் போன வருஷம் இதே பரிசோதனைக்குப் போனவன். அவன் வீட்டில் ஒரு வாசிப்புப் புத்தகம் இருந்தது. முகாமில் அதிலிருந்துதான் கேட்டார்கள் என்று அவன் வீட்டில் சொன்னார்கள். சங்கரலிங்கம் அதை வாங்கி வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் டெஸ்ட் என்று சொன்னால் டியூஷன் வைப்பார்கள், வேறு ஒன்றும் யோசிக்க மாட்டார்கள். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. தயாராகாமல் பரீட்சைக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதை முப்பத்தொரு வருஷம் மார்க் ஷீட்டில் பார்த்தவன் நான். பாடங்களை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அப்பா தினமும் காலை ஐந்து மணிக்கு எழுப்பி உரக்க வாசிக்க, மகள் காதால் கேட்டு மனப்பாடம் செய்தாள்.

செல்விக்கு மட்டும் சந்தேகம். “யப்பா, வாசிக்க வராதுன்னு காட்டத்தானே போறோம்?”

“ஏட்டி, வராதுங்கறதையும் ஒரு மரியாதையோட சொல்லணும்லா. மொதல்ல நல்லா வாசிச்சிரு. பொறவு வராதுன்னு சொல்லு.”

இதைக் கேட்டு நானும் தலையாட்டினேன்.

3. வரிசை

21ஆம் தேதி சங்கரலிங்கத்தின் காரில் நானும் கூடப் போனேன். முகாமில் மூன்று வரிசை. வாசலில் இருந்த ஊழியர் கேட்டார்: “கண்ணா, காதா, காலா?”

“வாசிப்பு” என்றேன்.

“வாசிப்புக்கு வரிசை இல்ல. கால்ல ஆள் கம்மி, அங்ஙன நில்லுங்க.”

இருபத்தாறாவது ஆளாக நின்றோம். முன்னால் ஊன்றுகோலோடு நின்ற பெரியவர் செல்வியின் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். “எந்தக் காலு தாயி?” என்று கேட்டேவிட்டார்.

உள்ளே டாக்டரம்மா அதே புத்தகத்தைத் திறந்து வைத்தார். குளத்தையும் வாத்துகளையும் பற்றிய பாடம். செல்வி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எங்கும் தடுமாற்றம் இல்லை. கதவோரம் நின்ற சங்கரலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியளா அண்ணாச்சி, நூத்துக்கு நூறு!”

“நல்லா வாசிக்கிறாளே. குறைபாடு இல்லைன்னு எழுதிரவா?” என்றார் டாக்டரம்மா.

சங்கரலிங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பத்து நாளில் போர்ட்டலை மூடிவிடுவார்கள்.

செல்விக்கு இது ஒன்றும் காதில் விழவில்லை. ஆரம்பித்தால் முடிக்காமல் நிறுத்தத் தெரியாத மனப்பாடம் அது. வாத்துகள் குளத்தை விட்டுக் கரையேறி, வேடன் வந்து, மழையும் பெய்ய ஆரம்பித்துவிட்டது.

“மழை அடுத்த பக்கத்துல இருக்கும்மா. நான் இன்னும் திருப்பவே இல்லையே” என்றார் டாக்டரம்மா. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “எத்தனை நாள் டியூஷன்?”

“பன்னெண்டு” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு, அலமாரியிலிருந்து வேறு தாள் ஒன்றை எடுத்தார். நான்கே வரி. செல்வி விரலை வைத்தாள். ஒரு சொல். விரல் அங்கேயே நின்றது. மறுபடி அதே சொல். சங்கரலிங்கத்தின் உதடு தானாக அசைந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்.

வராந்தாவில் சங்கரலிங்கம் சொன்னார்: “சோம்பேறித்தனம்னு நெனச்சு நெறைய ஏசிருக்கேன் அண்ணாச்சி. அந்த நாலு வரிக்கு எம்புட்டுப் பாடுபடுதா, பாத்தியளா?”

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சங்கரலிங்கம் எழுந்து கேட்ட முதல் கேள்வி: “மேடம், பாஸா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “குறைபாடு நாற்பத்தைந்து சதவீதம். சான்றிதழ் உண்டு.”

தன் சான்றிதழுக்காக வராந்தாவில் காத்திருந்த ஊன்றுகோல் பெரியவர் எட்டிப் பார்த்தார். “எம்புட்டு, நாப்பத்தஞ்சா? எனக்கு எழுவது. பரவால்ல, மொதல் தடவைக்கு இது நல்ல மார்க்குதான்.”

“ஒரு மார்க்குக்கு ஒரு நிமிஷம்னு வாசிச்சேன் தாத்தா” என்றாள் செல்வி. அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

சங்கரலிங்கம் பால்கோவா வாங்கி வரிசைக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்றார். அவர் பர்ஸ் காரில் இருந்ததால் நான் கொடுத்தேன். கால், கண், காது என்று மூன்று வரிசையும் வாழ்த்தியது.

4. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

விண்ணப்பத்தை 23ஆம் தேதியே ஏற்றிவிட்டேன். தேர்வில் கூடுதல் நேரத்தில் ஐம்பத்தெட்டு நிமிஷத்தை அவள் பயன்படுத்தினாள். ஜூலையில் இடம் கிடைத்தது. நாற்பதில் முப்பத்தேழாவது.

இப்போது சான்றிதழுக்குப் போகிற பிள்ளைகள் வந்தால், முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு வெறுங்கையோடு போகச் சொல்கிறேன். பெற்றோர் மாதிரி வினாத்தாள் கேட்டால், ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என்கிறேன். பிள்ளைக்கு எது வராதோ அதை யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை மறைக்க நாம் உதவக் கூடாது.

பால்கோவா காசைக் கொடுக்கச் சங்கரலிங்கம் இரண்டு முறை வந்தார். நான் வாங்கவில்லை. இரண்டரைக் கிலோ, தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.