தாகத்தைப் பழக்கப் போனோம்

தடித்த டயர் போட்ட கியர் சைக்கிளில் ராஜஸ்தான் பாலைவனத்தைச் சுற்றிவர நானும் என் நண்பன் செல்வமும் திட்டம் போட்டோம். கோச்சடையில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, எதையெல்லாம் எடுத்துப் போவது என்று பட்டியல் எழுதியவன் நான்தான். மணலில் கனம் கூடாது என்று ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு நிறுத்தினேன். செல்வம் தயங்கினான். "மதுரை வெயில்ல வளந்தவனுக்கு அம்புட்டுத் தண்ணி எதுக்கு மாப்ள?" என்றேன்.

மே மாதம் ஒரு நண்பகலில், டி. கல்லுப்பட்டி பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குள் ஒத்திகை பார்த்தோம். தாகத்தைப் பழக்க வேண்டுமாம். அதுவும் என் யோசனைதான். ஒரு மணி நேரத்தில் அவன் பாட்டில் காலி. "போதும் மாப்ள, கண்ணு மங்குது" என்றான். "இதுக்கே இப்பிடின்னா அங்க என்ன பண்ணுவ?" என்று சொல்லிவிட்டு முன்னால் மிதித்தேன். திரும்பிப் பார்த்தபோது சைக்கிளோடு விழுந்து கிடந்தான்.

கரையில் வேப்பமரத்தடியில் இருந்த நூறு நாள் வேலைப் பெண்கள் ஓடிவந்து, குடத்துத் தண்ணீரை அவன்மேல் ஊற்றினார்கள். கொதிக்கும் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. "வெயில் பழக்கம்தானேன்னு நெனச்சுட்டோம்க்கா" என்றேன். "எங்களுக்கும் பழக்கந்தான். அதான் பதினோரு மணிக்கே நெழலுக்கு வந்துட்டோம்" என்றார் அவர்களில் ஒருவர்.

செல்வம் பிழைத்துவிட்டான். ஆனால் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வெயிலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் கூட வருகிறவர் போதும் என்றால், அந்த இடத்திலேயே சைக்கிளைத் திருப்பிவிடுகிறேன். இதைச் செல்வத்திடமும் சொன்னேன்.

"அன்னைக்கு நானும் தமிழ்லதான மாப்ள சொன்னேன்" என்றான்.