வலது தோள்

சவரம் செய்யும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. வலது பக்கக் கழுத்தில், காதுக்குக் கீழே, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. "பல் வலிக்கு நெறி கட்டியிருக்கும், ஒத்தடம் குடுத்தா போயிடும்" என்று மனைவியிடம் சொன்னேன். போகவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு முளைத்தன.

அப்போது நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அரசுப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் அதே தடம். சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறேன். நான் உள்ளே போனதில்லை. போக வேண்டி வந்தபோது என் கண்டக்டரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். என்னைவிட இளையவன். உறவு எதுவும் இல்லை; என்னை மாமா என்பான், நான் மச்சான் என்பேன்.

தைராய்டில் புற்றுநோய், கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிவிட்டது என்றார்கள். எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

"தோளுக்குப் போற நரம்பு கட்டியோட ஒட்டியிருக்கு. காப்பாத்தப் பாக்கறோம். முடியலன்னா கையத் தூக்கறது கஷ்டம்" என்றார் டாக்டர்.

உயிர் தங்குமா என்ற கவலையில் எனக்கு அது மனதில் பதியவே இல்லை. மனைவிதான் கேட்டாள். "சார், இவுரு பஸ் ஓட்டறவரு. அப்பறம் ஓட்ட முடியுங்களா?"

"மொதல்ல நல்லாவட்டும்மா" என்றார் அவர்.

நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை தையல். காது மடல் மரத்துவிட்டது; தலை துவட்டும்போது மனைவியின் விரல் பட்டாலும் தெரியாது. சட்டையை அவள்தான் மாட்டிவிட்டாள். சுவரில் விரல்களை ஊன்றி மெதுவாக மேலே ஏற்றும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சுவிட்ச் போர்டைத் தாண்டி என் விரல்கள் ஏறவே இல்லை. அவள் பக்கத்தில் நின்று, "நேத்திக்கு இன்னிக்கு பரவாயில்ல" என்று தினமும் சொல்வாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மாதங்கள் கழித்து டிப்போவில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். காலி வண்டி, நிதானமான வேகம். தேறிவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய நாளில் மச்சான் வண்டியின் முகப்பில் சாமந்திச் சரம் கட்டியிருந்தான். "ஏறு மாமா, நீ இல்லாம வண்டியே எளச்சுப் போச்சு" என்றான். சிரித்துக்கொண்டே ஏறினேன். சீட்டில் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது.

ஆலப்பாக்கம் தாண்டியதும், வலது பக்கச் சந்திலிருந்து மீன்கூடை கட்டிய மொபெட் ஒன்று குறுக்கே பாய்ந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். வலது கை மேலேறி வர வேண்டும். பாதியில் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன். குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் முன்னால் சரிய, யாரோ பிடித்துக்கொண்டார்கள். மொபெட்காரன் மயிரிழையில் தப்பினான்.

பயணிகள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். "டிரைவரு நல்லவரா இருக்கப் போயி பொழச்ச!" என்று ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. மச்சான் டீ வாங்கி வந்தான்.

"அவன் தப்பு மாமா. நீ என்னா பண்ணுவ?"

"கை வரல மச்சான்."

அவன் டீ கிளாஸை என் இடது கையில் வைத்தான். "யாருக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டன்."

"அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானே டிப்போவுக்கு போன் செய்து, இனி என்னால் ஓட்ட முடியாது என்று சொன்னேன். வேறு டிரைவர் வந்தார். திரும்பும்போது பயணிகளோடு உட்கார்ந்திருந்தேன். சீட்டு கிழித்துக்கொண்டே வந்த மச்சான் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனான்.

இப்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கும் வேலை. நோய் திரும்பவில்லை. ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் மனைவி திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் வருகிறாள். அவளுக்கு இருக்கிற நிம்மதி எனக்கும் இருக்க வேண்டியதுதான்; இல்லை.

கடலூரிலிருந்து தினமும் மச்சானின் வண்டியில்தான் வருகிறேன். புது டிரைவர் நன்றாகவே ஓட்டுகிறார். "முன்னாடி வாங்கண்ணே, எடம் இருக்கு" என்று கூப்பிடுவார். நான் கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன். முன்னால் உட்கார்ந்தால் எதிரில் லாரி வரும்போதெல்லாம் என் கால் தரையை அழுத்துகிறது.