‘ஏலே’ என்று கூப்பிட ஓர் ஆள்

தம்பியின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் எல்லோரும் அட்டைப் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் வெள்ளம் புகுந்த நாளில், படகின் நடுவே, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார் என் தம்பி. ‘என்ன கம்பீரம்’ என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்த விஷயம் இது. எழுத உட்கார்ந்த பிறகும் பயமாகத்தான் இருக்கிறது.

தம்பி மகன் என்னிடம், "அத்தை, அப்பாவ ‘அவர்’னுதான் எழுதணும். நாலு பேரு படிப்பாக" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். ஊருக்கு முன்னால் நிற்கும்போது ‘அவர்’ என்றே எழுதுகிறேன். என் அடுக்களைக்குள் வந்து உட்காரும்போது ‘அவன்’தான். காலமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஒருமை பன்மைப் பிழையைத் திருத்தியவள் நான். இந்த ஒரு பிழையைத் திருத்த மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்தது ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில், எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த ஊரில். தம்பி நடை பழகிய வருஷமே அம்மா காய்ச்சலில் போய்விட்டார்கள். மூத்தவளான நான்தான் இடுப்பில் தூக்கிச் சுமந்தேன். அப்பா நல்லவர்கள். ஆனால் அவர்களுக்கு வீடும் வகுப்பறைதான்.

ஓர் ஐப்பசியில் ஆறு செந்தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் நான் துணி துவைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் விளையாடிய தம்பி வழுக்கி உள்ளே போய்விட்டான். கைக்கு அகப்பட்டது தலைமுடிதான். அதைப் பிடித்து இழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தும் அவனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அப்பா பார்த்துவிட்டு, "ஆம்பளைப் பிள்ளை நடுங்கலாமாலே?" என்று கேட்டார்கள். அவன் சட்டென்று இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் சொருகிக்கொண்டு, "நடுங்கலப்பா" என்றான். அப்பாவுக்குத் திருப்தி. எனக்கு அவன் தோள் ஆடுவது தெரிந்தது.

அன்றைக்குப் படித்த வித்தையைத் தம்பி கடைசிவரை விடவில்லை. பயம் வந்தால் கை கக்கத்துக்குள் போய்விடும். வளர வளர அது கைகட்டி நிற்பது போல ஆகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது.

வாழைத் தோட்டத்தில் தொடங்கி, வாழைக்காய் வியாபாரத்துக்கு வந்து, வாழை விவசாயிகளின் சங்கத்துக்குத் தலைவராகி, பிறகு ஊராட்சித் தலைவருமானார். அவரைவிட மூத்தவர்களும் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி கையைக் கட்டிட்டாகன்னா ஆத்துத் தண்ணியும் நின்னு கேக்கும்" என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. ஏழை வீட்டுக் கல்யாணமோ, கால்வாயில் தண்ணீர் முறைச் சண்டையோ, அவர் போய் நின்றால் முடிந்தது. அவருடைய நல்ல காரியங்களை மற்றவர்கள் இந்த மலரில் நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை.

மடை திறப்பதில் இரண்டு தெருக்காரர்கள் அரிவாளோடு எதிரெதிரே நின்ற நாள் பலருக்கு ஞாபகம் இருக்கும். தம்பி நடுவில் போய்க் கைகட்டி நின்றார். அவரைத் தாண்டி யாரும் போகவில்லை. ஊரே புகழ்ந்துகொண்டிருந்த அதே நாள் மத்தியானம், பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் அவர் கார் வந்து நின்றது. நேரே அடுக்களைக்குள் வந்து, அரிசி டின் மேல் உட்கார்ந்தான். சோறு போட்டேன். சொதி ஊற்றினேன். முதல் வாயே இறங்கவில்லை.

"என்னலே?" என்றேன்.

"அக்கா, என் கையைக் கொஞ்சம் பிடி."

பிடித்தேன். கோழிக்குஞ்சைப் பிடித்தது போல இருந்தது. "பெரிய தலைவரு. கையைப் பாரு" என்று கேலி செய்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்சச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

"யாருட்டயும் சொல்லிராதக்கா."

"ஒம் பெஞ்சாதிட்டயாவது சொல்லேன்லே. என்ட்ட வாரதுக்கு ஒரு மணி நேரம் காருல வரணும். அவ பக்கத்துல இருக்கா."

"அவ பயந்துட்டா வீடு பயந்துரும். வீடு பயந்தா ஊரு பயந்துரும்" என்றான்.

அதன்பிறகு பலமுறை வந்தான். கலெக்டர் ஆபீஸில் கூட்டம், அக்கா மகளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு வருவான். எனக்கு மெதுவாக ஒன்று விளங்கியது. அந்த ஊரில் அவனை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட ஆயிரம் பேர் இருந்தார்கள். ‘ஏலே’ என்று கூப்பிட ஒருத்தரும் இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மிச்சம் நான்தான். எனக்குப் பிறகு இவன் எங்கே போவான் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. காய்ச்சலாகக் கிடந்தால்கூட எனக்கு என் உயிரைப் பற்றிய கவலை இல்லை. இவன் கையை யார் பிடிப்பார்கள் என்பதுதான் கவலை.

வெள்ளம் வந்த அன்று தம்பி போன் செய்தான். மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"அக்கா, தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு. கீழத்தெருவுல ஆளுக மாடியில நிக்காவ. கடக்கரையில இருந்து படகு வந்திருக்கு. நான் ஏறுனாத்தான் நம்ம பயலுவ ஏறுவானுவ."

ஏறாதே என்றுதான் வாய் வரை வந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். முடியைப் பிடித்து வெளியே இழுக்கப்பட்ட பிள்ளைக்கு முழங்கால் தண்ணீரும் தலைக்கு மேல்தான்.

"பயமா இருக்காலே?"

"இருக்கு."

"பயந்துக்கிட்டே ஏறு. அக்கா லைன்லதான் இருக்கேன்."

அத்தோடு லைன் அறுந்துவிட்டது. பிறகு எந்தச் செய்தியும் இல்லை. வண்ணார்பேட்டையில் சாலைக்கு மேலே ஆறு ஓடியது. போகவும் வழியில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையில் தம்பியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டேனோ என்று, வாயில் ஜெபமும் வராமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகச் செல்போன் வேலை செய்தபோது முதலில் வந்தது இந்த அட்டைப் படம்தான். அண்ணாச்சியின் வீரம் என்று எழுதி ஊர்ப் பையன்கள் அனுப்பியிருந்தார்கள். நான் அவன் கைகளைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தையும் மீறி அழுகை வந்துவிட்டது.

பிறகு வந்தபோது கேட்டேன். "படகுல உக்காரக் கூடாதாலே? அந்த ஆட்டத்துல எதுக்கு நின்ன?"

"காலு மடங்கலக்கா" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

நோய் வந்தபோது சிரிக்க முடியவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்றும் சொன்னார்கள். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "நீங்க சிங்கம்லா அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னீர்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் தம்பி தலையை நிமிர்த்தினார். கைகள் இரண்டும் கக்கத்துக்குள் இருந்தன. ஊசி போட வந்த நர்ஸ் பிள்ளை, "ஐயா, கையைக் குடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தது. தம்பி மகன், "அப்பா கோவமா இருக்காக சிஸ்டர். பொறவு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

தகப்பன் பயத்தைக் கோபம் என்று நினைத்தே இந்தப் பிள்ளை வளர்ந்திருக்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் முடிந்துவிடும். இத்தனை பேர் நடுவில், ஒருவர் கையும் படாமல், தம்பி தனியாகப் பயந்து சாகப்போகிறான். தம்பி மகனை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"அது கோவமில்லலே. பயம். சின்னதுலயே அவன் பயந்தா கையை அப்படித்தான் வச்சிக்கிடுவான்."

"அப்பாவுக்கா? பயமா?" என்று சிரித்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "நான் பயந்ததே அவுகளுக்குத்தான் அத்தை."

எழுந்து போய், இருந்தவர்களைப் பக்குவமாக வெளியே அனுப்பினான். கட்டில் பக்கத்தில் நின்றான். ஆறுதலாக ஏதோ சொல்லத்தான் போனான் என்று நினைக்கிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அப்பா, எனக்கு ரொம்பப் பயமா இருக்குப்பா."

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். சொல்லிவிட்டாயா என்ற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒரு கை வெளியே வந்திருந்தது.

"இங்கன உக்காருலே" என்று மகனிடம் சொன்னான். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கஞ்சியோடு உள்ளே வந்த தம்பி மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் இன்னொரு கையைத் தானே வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "எனக்குத் தெரியும் மைனி. உறக்கத்துலயும் கையை அப்படித்தான் வச்சிருப்பாக. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுக ஒடிஞ்சிருவாகளோன்னு நான் காட்டிக்கிடல" என்றாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் இத்தனை வருஷம் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

கடைசி நாட்களில் தம்பிக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பயந்தபடியேதான் போனான். ஆனால் இரண்டு கையும் வெளியே இருந்தன. இரண்டுக்கும் ஆள் இருந்தது.

வெள்ளத்தில் எங்கள் ஊருக்குப் படகு கொண்டுவந்த கடற்கரைச் சகோதரர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. கோபித்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப வந்த அந்த நர்ஸ் பிள்ளைக்கும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து ஜெபித்த குருவானவருக்கும், என் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து, எதற்கு வருகிறோம் என்று ஒரு நாளும் கேட்காத கார் ஓட்டுநருக்கும் நன்றி. ஆஸ்பத்திரிக்கு வந்து தைரியம் சொன்ன உங்கள் எல்லோருக்கும் நன்றி. இப்போது தம்பி மகனை அதே இடத்தில் வந்து நிற்கும்படி ஊரார் கேட்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதுவும் பயம்தான். நிற்கட்டும். அவன் கைகட்டி நின்றால் மட்டும், வீட்டில் இருப்பவர்கள் பக்கத்தில் போய் என்னவென்று கேளுங்கள்.

அடக்கத்தன்று நான் செய்த காரியத்தைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். முறைப்படி தம்பியின் கைகளை மார்பின் மேல் சேர்த்துவைத்துப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நான் போய் அவற்றைப் பிரித்துப் பக்கவாட்டில் வைத்தேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம். சபையார் நடுவில் தம்பியை ஒருநாளும் நான் ஒருமையில் அழைத்ததில்லை. அன்று எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"ஏலே, போதும். கையை எடு."

— அக்கா