மரியாதையோடு ஒரு கொடைக்கானல்

கொடைக்கானல் எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பனி எங்கே, மலையழகு எங்கே என்று யாரும் இதில் தேடக் கூடாது. சித்திரை வெயிலில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் ஸ்கூட்டரில் போய் வந்த உடம்பு இது. பணம் கட்டி நடுங்கப் போவதில் என்ன சுகம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஆனாலும் போன வருடம் போனேன். என் வீட்டுக்காரரும் என் தங்கை வீட்டுக்காரரும் சேர்ந்து செய்த சதி அது.

சகலைகள் இரண்டு பேருக்கும் அப்படி ஓர் ஒட்டு. கூடப் பிறந்த நாங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்க, இவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் சிரித்துக்கொள்வார்கள். நாலு பேரும் ஒரே வண்டியில் மலைக்குப் போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. மலை ஏறினால் மனசு மாறும் என்று எந்த டாக்டர் சொன்னாரோ தெரியவில்லை.

சண்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தங்கை எடமலைப்பட்டி புதூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். பால் பொங்கும் நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு, ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் மூச்சுவிட முடியாது போலிருக்கிறதே என்றேன். அவள் புகுந்த வீட்டு ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாளாம். இருக்கட்டும். இன்றைக்கும் சொல்வேன், அந்த அடுப்படி சின்னதுதான்.

அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். கத்தவில்லை. அடுத்த முறை நான் போனபோது வாசலில் நின்று, "வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடுறீங்களா?" என்றாள். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குத்தான் அந்த 'ங்க'.

பிறந்தது முதல் என்னை 'நீ' என்றவள். 'அக்கா, வா', 'அக்கா, போ', 'அக்கா, என் பாவாடையை நீதான கிழிச்ச'. அன்றோடு அக்காவும் போயிற்று, நீயும் போயிற்று. எங்கள் ஊரில் ஆட்டோக்காரரிடம்கூட 'ங்க' போடாமல் பேச மாட்டோம். மரியாதை தெரிந்தவர்கள் என்று பெயர். அந்த மரியாதையை வைத்தே ஒருத்தியைத் தெருவில் நிறுத்தவும் எங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரரிடம் அழுதபோது, மரியாதையாகத்தானே பேசுகிறாள், இதில் என்ன குறை என்று கேட்டார். அவரிடம் போய்ச் சொன்னேனே என்று இருந்தது.

என் வயதுக்கு இப்போது எல்லோரும் 'நீங்க'தான். அம்மா அப்பா போய்விட்டார்கள். என்னைவிடச் சின்னவர்களில் என்னை 'நீ' என்று சொல்லும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. எனக்கு அவளிடம் மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அந்த ஒரு 'நீ' திரும்பி வந்தால் போதும். அதற்காகத்தான் ஸ்வெட்டரை எடுத்து வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். நான் மட்டும் அவளை விடாமல் 'நீ' என்றேதான் சொல்லி வந்தேன். பெரியவள் நான், எனக்கு எதற்கு இறங்கிப் போகிற வேலை?

பெரிய வண்டியாகப் பிடித்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கால் நீட்ட வேண்டும் என்று என்னவர் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். நடுவில் நாங்கள் இரண்டு பேர், எங்கள் நடுவில் இரண்டு கைப்பைகள். மணப்பாறையில் டீ குடிக்க நிறுத்தியபோது முறுக்கு வாங்கினாள். பாக்கெட்டைப் பிரித்து என் பக்கம் நீட்டி, எடுத்துக்குங்க என்றாள். வேண்டாம் என்றேன். முறுக்கு மேல் எனக்கு என்ன பகை? மணப்பாறை முறுக்குக்கு உயிரை விடுகிறவள் நான். ஆனால் 'ங்க' போட்டு நீட்டினால் தொண்டையில் இறங்குமா? திண்டுக்கல் வரைக்கும் அவள் கறுக்மொறுக் என்று கடித்ததை ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டே போனேன்.

மலைப்பாதை ஏற ஆரம்பித்ததும் அவளுக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், துறையூர் பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பாள். அதற்காகவே எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தேன். மூன்றாவது வளைவில் அவள் முகம் வெளுத்ததும் எடுத்துக் கைப்பைகள் மேல் வைத்தேன். முகர்ந்துகொண்டே "தேங்க்ஸ்ங்க" என்றாள். என் பழத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று வந்தது.

கொடைக்கானல் ஊர் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? இ-பாஸ் காட்ட ஒரு வரிசை, ஊருக்குள் நுழைய ஒரு வரிசை, கழிவறைக்கு ஒரு வரிசை. அறையில் கொடுத்த கம்பளியில் முன்னால் தங்கினவர்களின் தைல வாசனை. எதைப் பார்க்கப் போனாலும் பனி மூடிவிட்டது என்றார்கள். பள்ளத்தாக்கு இருக்கிறது என்று சொன்ன இடத்தில் வெள்ளையாக ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கடைக்குக் கடை ஹோம்மேட் சாக்லேட். எந்த வீட்டில் செய்தது என்று கேட்டேன், கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கை எல்லாவற்றையும் ரசித்தாள். "நல்லா இருக்குல்லங்க?" என்று என்னிடமே கேட்டாள்.

மறுநாள் காலை ஏரிக்குப் போனோம். ஏரியைச் சுற்றிக் குதிரைச் சாணம், சோளம் சுடுகிற புகை, வாடகை சைக்கிளில் இடித்துக்கொண்டு போகிற கூட்டம். தண்ணீர் மட்டும் நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். போட் டிக்கெட் எடுக்கப் போன சகலைகள் திரும்பி வந்து, நாலு பேர் உட்காரும் போட் காலியில்லை, இரண்டு பேர் மிதிக்கும் போட்தான் கிடைத்தது என்றார்கள். நாலு பேர் போட் கரையிலேயே வரிசையாகக் கட்டிக் கிடந்தது எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் ஒரு போட்டில் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைத் தலை வழியாக மாட்டி, எங்களை இன்னொன்றில் உட்கார வைத்து, போட்காரர் தள்ளிவிட்டார்.

மிதிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தால் நேராகப் போகும். சேர்ந்து செய்வதுதான் எங்களுக்கு வராதே. நான் மிதித்தால் அவள் காலை எடுத்துவிடுவாள், அவள் மிதித்தால் நான் தண்ணீரைப் பார்ப்பேன். "நீங்க மிதிக்கிறீங்களா, நான் மிதிக்கவா?" என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். போட் தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டே நடு ஏரிக்குப் போனது.

அப்போது பனி இறங்கியது. கரை மறைந்தது, சகலைகள் மறைந்தார்கள், சோளப் புகைகூட இல்லை. எங்கேயோ பக்கத்தில் ஒரு மோட்டார் போட் சத்தம். ஆளைப் பார்க்க முடியவில்லை, அதன் அலை மட்டும் வந்து எங்கள் போட்டைத் தூக்கிப் போட்டது. குளிர்ந்த தண்ணீர் மடி வரை தெறித்தது. மிதிக்கப் போனேன், என் செருப்பு பெடலுக்குள் சிக்கிக்கொண்டு நின்றது. சத்தம் இன்னும் கிட்டே வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். ஸ்வெட்டரையும் தாண்டி நகம் பதிந்தது.

"அக்கா, மிதிக்கா. ஐயோ, நீ என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? ஒனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? செருப்பக் கழட்டி எறி, சனியனே."

சனியன் என்றாள். என்னைவிட ஏழு வயது சின்னவள், என்னைச் சனியன் என்றாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பயமும் கிடையாது, குளிரும் கிடையாது. செருப்பை இழுத்து ஏரியில் போட்டுவிட்டு மிதித்தேன். அவளும் மிதித்தாள். வழி முழுவதும் திட்டிக்கொண்டே வந்தாள். நீ கண்ணு தெரியாதவளா, நீ எதுக்கு இந்தப் பக்கம் திருப்புற, நீ, நீ, நீ. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் இருந்ததே இல்லை.

கரை தெரிந்தது. படித்துறையில் சகலைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தங்கை முதலில் இறங்கினாள். துப்பட்டாவை இழுத்துச் சரி செய்தாள், முகத்தைத் துடைத்தாள், அவர்களைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, "பாத்து எறங்குங்க, வழுக்கும்" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். உயிர் போகிறது என்றால் மட்டும் நான் அக்கா, உயிர் தப்பினால் யாரோ. அவள் கையைப் பிடிக்காமல், ஒற்றைச் செருப்போடு நானே இறங்கினேன்.

"சரிங்க," என்றேன். "வழி விடுங்க. நீங்க முன்னாடி போங்க."

அவள் போகவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் எத்தனை 'ங்க' போட்டாலும் நான் அவளை 'நீ' என்பதை விட்டதே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு காலமும் எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சகலைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். போட்காரர் ஜாக்கெட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"என்னையவா 'ங்க'ங்குற?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நான் ஒனக்கு யாரோவா ஆயிட்டேனா?"

நான் கேட்க வேண்டிய கேள்வி அது. எத்தனை ராத்திரி படுக்கையில் அதை மனசுக்குள் கேட்டுப் பார்த்திருப்பேன். அதையும் முந்திக்கொண்டு அவளே கேட்டுவிட்டாள். இப்போது நான் எதைக் கேட்பது? அவள் மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. துப்பட்டாவில் துடைக்கப் போனாள், என் முந்தானையை இழுத்துக் கொடுத்தேன்.

"வாய மூடிட்டு வண்டியில ஏறு," என்றேன்.

ஏறினாள்.