சித்திரை வெயிலில் நனைந்த கார்

போன வருடம் பங்குனி, சித்திரை மாதங்களில் நடந்தது இது. காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நானும் ஐந்து வயது மகளும் என் மாமனாரும்தான். நான் டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாமனார் இன்றைக்கும் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்ததும் படகு எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் சாப்பிட உட்கார மாட்டார்.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து காதுக்குப் பின்னால் ஒரு மிஷின் மாட்டியிருக்கிறோம். மிஷின் மாட்டினால் மட்டும் பேச்சு வந்துவிடாது. கேட்கிற சத்தம் இன்னதென்று புரிந்துகொள்ளவும், அதைத் திருப்பிச் சொல்லவும் பழக்க வேண்டும். அதற்காகச் சனிக்கிழமைதோறும் கும்பகோணத்தில் பயிற்சி வகுப்பு. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, பயந்து பயந்து ஓட்டவும் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கார் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

வாரம் முழுக்கச் சமத்தாக நிற்கும். சனிக்கிழமை காலையில் கிளம்பினால், அம்பகரத்தூர் வருவதற்குள் இழுத்து இழுத்து ஓடி, நட்ட நடு ரோட்டில் படுத்துவிடும். மெக்கானிக் முதலில் பேட்டரி என்றார். மாற்றினோம். அடுத்த சனிக்கிழமை பெட்ரோல் பம்ப் என்றார். அதையும் மாற்றினோம். சிங்கப்பூரிலிருந்து கணவர் வீடியோ காலில் வந்து, "பானெட்டத் தூக்கிக் காட்டு" என்பார். காட்டுவேன். அங்கே தெரிவதில் எது எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவோ, திருநள்ளாறு வழியாகத்தானே போகிறாய், எள் விளக்கு போட்டுவிட்டுப் போனால் சனிக்கிழமைத் தொந்தரவு தீரும் என்றார். எரிச்சலோடுதான் போட்டேன். அன்றைக்கும் கார் நின்றது.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்கலாம். போனோம். பஸ்ஸின் இரைச்சலும் ஏர்ஹாரனும் அந்த மிஷின் வழியாகக் குழந்தைக்கு எப்படிக் கேட்குமோ தெரியாது, பிய்த்து எறிந்துவிட்டு அழுவாள். வகுப்புக்குப் போய்ச் சேரும்போது எதையும் கேட்கிற நிலையில் இருக்க மாட்டாள். பாதி நாள் போகவே முடியாமல் போனது. கடைசியில் பயிற்சி கொடுக்கிற மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு வகுப்பு தவறினால் அந்த நேரத்தை, காத்திருக்கும் வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவர் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் போய்விட்டது.

ஒருவழியாக மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, ஈசிஎம் போய்விட்டது என்றார். எஞ்சினுக்கு எப்போது, எவ்வளவு பெட்ரோல் கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பெட்டியாம், காரின் மூளை மாதிரி. பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. கழற்றிக் காட்டினார். ஒயர் சொருகுகிற இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"மழைத் தண்ணில விட்டீங்களாக்கா?"

சித்திரை மாதத்தில் எந்த ஊரில் மழை பெய்கிறது என்று சுள்ளென்று கேட்டேன். அவரும் விடவில்லை. எஞ்சினைப் புதுசு மாதிரி வைத்திருக்கிறீர்கள், இது மட்டும் எப்படி இப்படி ஆனது என்று சந்தேகமாகவே பார்த்தார். நான் என்னவோ காரைக் குளத்தில் இறக்கிவிட்டு மறைக்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

புதுப் பெட்டிக்குச் சென்னையில் ஆர்டர் கொடுத்தோம். முகவரியில் காரைக்கால் என்று எழுதி, மாநிலத்துக்குப் புதுச்சேரி என்று போட்டால், பார்சல் நேராகப் புதுச்சேரி டவுனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அதை இங்கே வரவழைக்க எத்தனை போன்! அதுவரை சனிக்கிழமைகளில் அழ அழ பஸ்தான். வந்த பிறகாவது மாட்டினோமா என்றால் அதுவும் இல்லை. பெட்டிக்கும் கார் சாவிக்கும் அறிமுகம் செய்து வைக்க நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வர வேண்டுமாம். ஒரு கல்யாணப் பெண்ணைக்கூட நாங்கள் இவ்வளவு பேரை அனுப்பி அழைத்து வந்ததில்லை.

எல்லாம் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு மெக்கானிக்கிடமிருந்து கார் ஓடி வந்தபோது அழுதே விட்டேன். மறுநாள் நிற்காமல் கும்பகோணம் போய் வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை காலை. மகளுக்குத் தலைவாரி, மிஷினை மாட்டி, காரில் உட்காரவைத்து, சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் மெக்கானிக்கைப் போனில் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பாவம், பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பானெட்டைத் திறந்து புதுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். மேலே மேகம்கூட இல்லை.

அப்போது மாமனார் அவருக்கு டீ எடுத்து வந்தார். நாங்கள் பார்ப்பதை எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"நேத்து சாயந்திரம்தான் நல்ல தண்ணி அடிச்சு அலசி வுட்டேன். வாராவாரம் வெள்ளிக்கெழம அலசிப்புடுவேன். உப்புக் காத்துல்ல? எஞ்சின தின்னுப்புடும்."

"உள்ளாறயாங்க ஐயா?"

"பின்ன? பானெட்டத் தூக்கிட்டுத்தான். புதுப் பொட்டி போட்டுருக்காங்களேன்னு நேத்து ரெண்டு வாளி சேத்தே ஊத்துனேன். புள்ள போற வண்டி."

மெக்கானிக் டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஈர ஒயரை உதற ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் அலுவலகத்திலிருந்து வர இருட்டிவிடும். கார் பளபளவென்று நிற்கும். மாமனார் துடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். சனிக்கிழமைத் தொந்தரவு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. சும்மா பழி சுமந்தவர் திருநள்ளாற்றில் இருக்கிறார்.

கத்த வேண்டும்போல் இருந்தது. பேட்டரி, பம்ப், பெட்டி, பஸ், மகளின் அழுகை எல்லாம் கண் முன்னே வந்து நின்றது. ஆனால் காரிலிருந்து இறங்கி வந்த மகள், அதற்குள் மாமனாரின் தோளில் தொற்றிக்கொண்டிருந்தாள். தினமும் இரவில் அவளுடைய மிஷினைக் கழற்றி, துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் போட்ட டப்பாவில் வைப்பது அவர்தான். கடற்கரைக்குத் தூக்கிப் போனால், ஒரு திவலை அதன் மேல் பட விடமாட்டார். அதனால் அதை வைத்தே கேட்டேன்.

"மாமா, பாப்பா காது மிஷின் மேல தண்ணி ஊத்துவீங்களா? இதும் அது மாதிரிதாங்க."

அவர் பானெட்டுக்குள் ஒரு தரம் பார்த்தார். பிறகு குழந்தையின் காதைப் பார்த்தார். முகம் அப்படியே சுருங்கிப் போனது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வேகமாக வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் அது வேறா என்று எனக்கு இன்னும் எரிச்சல்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம். மீன் ஏற்றுகிற மினி வேன் ஒன்று நின்றது. கூட்டாளியிடம் கெஞ்சி, லோடை இறக்கச் சொல்லி, கூட்டி வந்திருக்கிறார். "ஏறும்மா, நேரமாவுது" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. நானும் மகளும் முன்னால் உட்கார, அவர் பின்னால் காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டார். ஹாரன் அடிக்கக் கூடாது என்று டிரைவருக்குக் கண்டிப்பான உத்தரவு.

வகுப்பு தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மீன் வாடையோடு நாங்கள் உள்ளே நுழைந்ததும் மேடம் மூக்கைத் தொட்டுக்கொண்டார், ஆனால் குழந்தையை உட்காரவைத்துவிட்டார். நேரம் பறிபோகவில்லை. மாமனார் உள்ளே வரவே இல்லை. வகுப்பு முடியும் வரை வாசலிலேயே நின்றார்.

புதுப் பெட்டியை மெக்கானிக் பிரித்துக் காயவைத்து மீட்டுவிட்டார். நல்லவேளையாகச் சேதம் முற்றவில்லை. அடுத்த முறை சர்வீசுக்கு விட்டபோது அவர் போன் செய்து, பெட்டிக்குப் பக்கத்தில் என்னவோ துணிமூட்டை கட்டியிருக்கிறதே, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். வெள்ளை வேட்டித் துண்டில் சின்னதாக ஒரு முடிச்சு. உள்ளே, மகளின் டப்பாவில் போடுகிற அதே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். சூடு படாத இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஒன்றும் பொறுமைசாலியாக மாறிவிடவில்லை. அக்கறை என்ற பேரில் யாராவது எதையாவது கெடுத்து வைத்தால் இன்றைக்கும் சுள்ளென்றுதான் வருகிறது. ஆனால் கத்துவதற்கு முன்னால், அந்த இரண்டு வாளி நல்ல தண்ணீரை யாருக்காக ஊற்றினார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிடுகிறேன்.